மக்காச்சோளக் கவர் 180 நாளில் மண்ணாகிவிடுமா?

மாடித்தோட்டம்: பார்சல்கடை என்ற பெயரில் எழுதுபவர் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "எங்கள் கடையில் சாம்பார், சட்னி எல்லாம் மக்காச்சோள மாவுச்சத்தில் செய்த கவரில்தான். வீட்டு உரத்தொட்டியில் போடுங்கள், 180 நாளில் மண்ணாகிவிடும்" என்கிறார். ஐயா, அப்படி ஒரு கவரைப் போன ஆடியில் என் தொட்டியில் போட்டேன். பங்குனியில் கொட்டிச் சலித்தேன். வாழைப்பழத் தோல், முருங்கைச் சக்கை, மாங்கொட்டையின் ஓடுகூட உதிர்ந்துவிட்டது. கவர் மட்டும் முழுதாகக் கைக்கு வந்தது. தண்ணீரில் அலசினால் 'மக்கும்' என்ற பச்சை எழுத்தைப் படிக்க முடிந்தது!

பார்சல்கடை: கவரில் ஐ.எஸ். 17088 என்று, மக்கும் பிளாஸ்டிக்குக்கான இந்தியத் தர எண்ணை, அச்சிட்டிருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழைப் பார்த்துத்தான் வாங்குகிறேன். 180 நாள் என் கற்பனை அல்ல, சோதனையில் உள்ள கணக்கு. உங்கள் தொட்டியில் ஈரம் போதாவிட்டால் அது என் குற்றமா?

மாடித்தோட்டம்: பதினொரு வருடமாக உரம் போடுகிறவளுக்கு ஈரம் சொல்லித்தருகிறீர்களா? அந்தச் சோதனை 58 டிகிரிச் சூட்டில் நடக்கிறது. பெரிய உர ஆலைக் குவியலில்தான் அந்தச் சூடு விடாமல் நிற்கும். மண்தொட்டி நாலு நாள் வெதுவெதுப்பாக இருந்துவிட்டு ஆறிவிடும். 180 நாள் என்று சொன்ன வாய், 58 டிகிரியை ஏன் விழுங்கியது?

மந்தாரை: எதற்கு இந்தச் சண்டை? மந்தாரை இலையைத் தைத்துப் பொட்டலம் கட்டித்தான் என் அப்பா மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தார். அதை மாடு தின்னும், மண்ணும் தின்னும். சான்றிதழ் யாரும் கேட்டதில்லை.

பார்சல்கடை: மந்தாரை இலையில் சாம்பார் கட்டிக் காட்டுங்கள், நான் கடையை மூடிவிடுகிறேன்.

மந்தாரை: சாம்பாருக்குத் தூக்குவாளி இருக்கிறது. வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவருபவருக்கு இரண்டு ரூபாய் குறைத்துப் பாருங்கள்.

பார்சல்கடை: அலுவலகம் முடிந்து பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் கையில் தூக்குவாளி இருக்குமா? கல்லாவில் உட்கார்ந்தவனுக்குத்தான் அது தெரியும். 2019 ஜனவரி 1ஆம் தேதி தடை வந்த அன்றே பிளாஸ்டிக் கவரை நிறுத்தினேன். இதற்கு நான்கு மடங்கு விலை கொடுக்கிறேன். பாராட்ட வேண்டாம், பழி போடாமலாவது இருங்கள்.

அளவுகோல்: 'மக்கும்' என்றால் எங்கே, எந்தச் சூட்டில், எத்தனை நாளில் என்று முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமே.

மாடித்தோட்டம்: அது கிடக்கட்டும். வீட்டுத் தொட்டியில் 180 நாள் என்று எழுதியது அவர். அதற்குப் பதில் வரட்டும். இவர் இப்படிப் பேசுவது முதல் முறையும் அல்ல. காகிதக் கோப்பையும் மக்கும் என்று இங்கே சாதித்தார். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது என்று தலைபாடாகச் சொன்னேன். தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலில் அந்தக் கோப்பையும் உண்டு. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்றது. அன்றைக்காவது "நான் சொன்னது தவறு" என்று ஒரு வரி எழுதினாரா?

பார்சல்கடை: முடிந்துபோன கோப்பையை ஏன் இழுக்கிறீர்கள்? கவர் மக்கும். சான்றிதழ் இருக்கிறது. 180 நாள்.

மாடித்தோட்டம்: மறுபடியும் 180! சரி, என் தொட்டி வேண்டாம். உங்கள் வாடிக்கையாளர் அதைக் குப்பைவண்டியில் போடுகிறார். தூய்மைப் பணியாளர் கையில் எடுத்துப் பார்த்தால் பிளாஸ்டிக் கவர் போலவே இருக்கிறது, மக்காத குப்பையில் எறிகிறார். எங்கள் பகுதியில் அது சென்னையின் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்குப் போகும். காற்றுப்படாத அந்த மலைக்கு அடியில் எந்த 180 நாளைக் கண்டீர்கள்? கொதிக்கும் சாம்பாரை ஊற்றினால் கவர் இளகி விரல் அழுந்துகிறது, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

மந்தாரை: பாக்குமட்டைத் தட்டைக்கூட யாரும் பேசவில்லையே.

பார்சல்கடை: தட்டில் பார்சல் கட்ட முடியாது அம்மா.

மந்தாரை: நான் அம்மா இல்லை. ஐம்பத்தெட்டு வயது ஆண்.

பார்சல்கடை: மன்னிக்கவும் ஐயா. ஆனால் சான்றிதழை யார் வேண்டுமானாலும் கடைக்கு வந்து பார்க்கலாம்.

மாடித்தோட்டம்: வருகிறேன். பங்குனியில் எடுத்த கவரையும் கொண்டுவருகிறேன். எத்தனையாவது நாள் என்று நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்.