ரேடியோஹெட்டின் ‘க்ரீப்’: ஏறிய வழியும் வாசிக்கும் வழியும்

ரேடியோஹெட் என்ற ஆங்கில ராக் குழுவின் ‘க்ரீப்’ பாட்டு வந்ததுமே ஹிட் என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை. 1992 செப்டம்பரில் பிரிட்டனில் வெளியானபோது பாடல் தரவரிசையில் 78-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. பிபிசி ரேடியோ 1-க்கு அது ரொம்ப சோகமான பாட்டு, அதிகம் போடவில்லை. தூக்கிவிட்டது வெளிநாட்டு வானொலிதான். இஸ்ரேலில் ராணுவ வானொலியின் தொகுப்பாளர் யோவ் குட்னர் திரும்பத் திரும்பப் போட்டார். அடுத்து சான் பிரான்சிஸ்கோவின் லைவ் 105 வானொலி, அப்புறம் அமெரிக்கா முழுக்க. அமெரிக்கத் தரவரிசையான பில்போர்ட் ஹாட் 100-இல் 34-ஆம் இடம் வரை போனது. 1993 செப்டம்பரில் மறுபடி வெளியிட்டதும் பிரிட்டனில் 7-ஆம் இடம். வானொலிக்காக கோரஸில் இருந்த கெட்ட வார்த்தையை மாற்றிப் பாடிய பதிப்பும் உண்டு. கல்லூரி விழாவுக்கு அதையே எடுங்கள்.

———

கிதார் வாசிப்பவர்களுக்கு: ஜி, பி, சி, சி மைனர், நான்கே கார்டுகள், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் இரண்டு பார் (தாளச் சுற்று), வேகம் நிமிடத்துக்கு 92 அடி சுமார். சறுக்குவது முதல் கார்டிலேயே. சில ஸ்ட்ரிங்கை அழுத்தாமலே ஒலிக்கவிடும் ஓப்பன் ஜி வேண்டாம். மூன்றாவது ஃப்ரெட்டில் பாரே, அதாவது ஒரே விரலால் எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்துவது; ஆறாவது ஸ்ட்ரிங்கிலிருந்து ஃப்ரெட் எண்கள் 355433. மற்ற மூன்றும் ஐந்தாவது ஸ்ட்ரிங்கிலிருந்து: 24442, 35553, 35543. இப்போது இரண்டாவது ஸ்ட்ரிங்கை மட்டும் கவனியுங்கள்: 3, 4, 5, 4. ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் ப, த1, த2, த1. பாட்டின் ஏக்கமெல்லாம் அந்த ஓரிழையில்தான். ஓப்பன் ஜி பிடித்தால் அந்த ஸ்ட்ரிங் க3-இல் நிற்கும், இழை ஆரம்பத்திலேயே அறுந்துபோகும். ஸ்ட்ரம் செய்யாமல் ஒவ்வொரு ஸ்ட்ரிங்காகப் பிரித்து வாசித்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

———

அடுத்து, கோரஸுக்கு முன் கிதாரில் வரும் அந்த ‘கர்ரக்... கர்ரக்’! பாட்டு பிடிக்காமல், அதைக் கெடுக்கக் குழுவின் கிதாரிஸ்ட் ஜானி கிரீன்வுட் அடித்த அடி அது என்று சக கிதாரிஸ்ட் எட் ஓ'பிரையன் சொல்லியிருக்கிறார். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலைப் போட்டு, இடது கை விரல்களை ஸ்ட்ரிங் மேல் அழுத்தாமல் படுக்கவைத்து, வலது கையால் ஓங்கி அடிக்க வேண்டும். ஒரே விரலை 5, 7, 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேராக வைத்தால் ஹார்மோனிக் கிளம்பி ‘டிங்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். மூன்று விரலாவது படியட்டும். பெடலின் வால்யூம் க்ளீன் சத்தத்தைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும். வீட்டில் சமமாக வைத்துப் பழகியவர்களுக்கு மேடையில் டிரம்ஸ் சேர்ந்ததும் கோரஸ் அமுங்கிப்போகும். கெய்னை (கரகரப்பின் அளவை) கூட்டுவது இதற்குத் தீர்வல்ல, இரைச்சல்தான் மிஞ்சும்.

———

பாடகருக்கு உச்சம் எட்டவில்லையென்றால் இ (E) சுருதிக்கு மாற்றி ஓப்பன் கார்டில் வாசிக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், மேலே சொன்ன இழை ஸ்ட்ரிங் மாறிச் சிதறும். ஆறு ஸ்ட்ரிங்கையும் ஒரு முழு ஸ்வரம் (இரண்டு ஃப்ரெட் அளவு) சுருதி இறக்கி, அதே விரல் வடிவத்தில் வாசியுங்கள். பாஸ் கிதாரும் கூடவே இறங்க வேண்டும்.

கவர் பதிவேற்றும்போது உரிமை விவரத்தில் ஆல்பர்ட் ஹேமண்ட், மைக் ஹேஸில்வுட் பெயர்களையும் சேருங்கள். ஹாலிஸ் குழு பாடிப் பிரபலமாக்கிய அவர்களின் பழைய பாட்டோடு கார்டும் மெட்டும் ஒத்துப்போனதால், அவர்களும் இதற்கு இணை ஆசிரியர்கள்.