சிறு நிறுவனத்திற்கான மின்னஞ்சல் காப்பக மென்பொருள்: வழக்கு என்று வந்தால் எது கைகொடுக்கும்?

கேள்வி – உபி அலுவலகம்

வணக்கம். சிங்கப்பூரின் உபி தொழிற்பேட்டையில் உட்புறச் சீரமைப்பு வேலைகளை எடுத்துச் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில், அலுவலக நிர்வாகத்தோடு கணினிப் பொறுப்பையும் சேர்த்துக் கவனித்து வருகிறேன். ஒப்பந்தத்திற்கு வெளியே செய்த கூடுதல் வேலைகளுக்கான தொகையைத் தர மறுக்கும் வாடிக்கையாளர் ஒருவர், இப்போது வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்பியிருக்கிறார். அந்த வேலைகளுக்கு ஒப்புதல் தந்ததெல்லாம் மின்னஞ்சலில்தான். அவற்றைக் கையாண்ட திட்ட மேலாளரோ அடுத்த மாதம் வேலையை விட்டுச் செல்கிறார்.

நாங்கள் பயன்படுத்துவது மைக்ரோசாப்ட் 365 பிசினஸ் ஸ்டாண்டர்ட். தனியாக ஒரு காப்பக மென்பொருள் வேண்டும் என்கிறார் ஒரு விற்பனையாளர். தினமும் பேக்கப் எடுக்கிறோமே, அதுவே போதும் என்கிறார் எங்கள் முதலாளி. எதைத் தேர்ந்தெடுப்பது, எத்தனை ஆண்டுகளுக்கு வைத்திருப்பது என்பதில் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி – சர்வர் அறை

முதலாளி சொல்வதை முதலில் பார்த்துவிடலாம். பேக்கப் என்பது அது எடுக்கப்பட்ட நேரத்தில் பெட்டியில் என்ன இருந்ததோ அதன் நகல். காலையில் வந்த அஞ்சலை ஒருவர் மதியமே முற்றிலுமாக அழித்துவிட்டால், இரவு எடுக்கும் பேக்கப்பில் அது இருக்க வேண்டியதில்லை. காப்பகம் வேறு வகையில் இயங்குகிறது. ஜர்னலிங் முறையில், அஞ்சல் சர்வரைக் கடக்கும்போதே அதன் நகல் காப்பகத்திற்குப் போய்விடுவதால், பயனர் பிறகு எதை அழித்தாலும் அது பாதிக்கப்படுவதில்லை. மறைநகலாக (பிசிசி) யாருக்கெல்லாம் அனுப்பப்பட்டது என்பதும் ஜர்னல் அறிக்கையில் பதிவாகும். பெறுநரின் பெட்டியிலிருந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே எந்த மென்பொருளானாலும் அது ஜர்னலிங் வழியாக அஞ்சலைப் பெறுகிறதா, அல்லது அவ்வப்போது பெட்டிக்குள் போய் எடுத்துவருகிறதா என்று கேளுங்கள். விற்பனையாளர் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லத் தயங்கினால், விலைப்பட்டியலைப் பார்ப்பதில் பயனில்லை.

உங்களிடம் உள்ள பிசினஸ் ஸ்டாண்டர்டில் லிட்டிகேஷன் ஹோல்ட் வசதி, அதாவது பயனர் அழித்தாலும் வழக்குக்காக அஞ்சல்களை அழியாமல் நிறுத்தி வைக்கும் வசதி, கிடையாது; பிசினஸ் பிரீமியத்தில் உண்டு. இப்போதைக்கு அந்த மேலாளரின் உரிமத்தையும் வழக்கோடு தொடர்புடைய மற்றவர்களின் உரிமங்களையும் மட்டும் உயர்த்தி, ஹோல்டை இயக்கிவிடுங்கள். அவர் கணக்கை நீக்கும் முன்பே இது நடக்க வேண்டும். ஹோல்ட் இல்லாமல் நீக்கப்பட்ட கணக்கின் அஞ்சல் பெட்டி 30 நாட்களில் மீட்க முடியாதபடி போய்விடும். ஹோல்ட் இருந்தால், உரிமத்தை எடுத்த பிறகும் செயலற்ற பெட்டியாக அது நிற்கும். காப்பக மென்பொருளை நாளை வாங்கினாலும் அது நாளை முதல் வரும் அஞ்சல்களைத்தான் தானாகப் பிடிக்கும் என்பதால், நடப்புத் தகராறுக்கு முதல் மருந்து ஹோல்ட்தான்.

மறுமொழி – கோப்புக் கட்டு

வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் ஆவணப் பணியில் இருப்பவள் என்ற முறையில் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். உங்கள் வழக்கறிஞரின் ஆலோசனைக்கு இது மாற்றாகாது.

2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள நீதிமன்ற விதிகள் 2021-இன் 11-ஆம் கட்டளை, ஆவணங்களை முன்வைக்கும் முறையைப் பழைய விதிகளைக் காட்டிலும் சுருக்கியிருக்கிறது. ஒரு தரப்பின் தனிப்பட்ட அல்லது உள் கடிதப் போக்குவரத்தை, சிறப்புக் காரணம் இருந்தாலன்றி, முன்வைக்குமாறு நீதிமன்றம் உத்தரவிடாது. ஆனால் உங்களுக்கே பாதகமானது என்று உங்களுக்குத் தெரிந்த ஆவணங்களுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டியவையும் அவற்றுள் அடங்கும். அதனால் எதிர்த்தரப்பு தேடச் சொல்வதற்கு முன்பே, உங்கள் பெட்டிகளில் உங்களுக்கு எதிராக என்ன இருக்கிறது என்பதை நீங்கள் தேடிப் பார்த்தாக வேண்டும். இணைப்பில் உள்ள பிடிஎஃப் கோப்புகளின் உள்ளேயும் தேடக்கூடிய மென்பொருளுக்கு மதிப்பு இருப்பது இதனால்தான். வழக்கறிஞருடன் நடந்த கடிதப் போக்குவரத்தைத் தனியே குறியிட்டு ஒதுக்கும் வசதியும் தேவை. அது எதிர்த்தரப்புக்குத் தரும் ஆவணக் கட்டோடு தவறுதலாகச் சேர்ந்து போனால் வரும் தலைவலி சிறிதல்ல.

வைத்திருந்து தராத ஆவணம் தராதவருக்குப் பாதகமானது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்பதற்குச் சாட்சியச் சட்டத்தின் 116-ஆம் பிரிவில் எடுத்துக்காட்டே உண்டு. மேலும், அஞ்சல்களை உங்கள் வழக்கறிஞருக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் அது புதிய அஞ்சலாகி, மூலத்தின் தலைப்புத் தகவல்கள் (யாரிடமிருந்து, எப்போது, எந்த வழியாக வந்தது என்பவை) போய்விடும். அஞ்சலை அதன் தலைப்புத் தகவல்களோடு சேமிக்கும் பிஎஸ்டி அல்லது இஎம்எல் கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்து தாருங்கள்.

மறுமொழி – கணக்குப் பேரேடு

எத்தனை ஆண்டு என்ற கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை. ஒப்பந்த வழக்குகளுக்குக் காலவரம்புச் சட்டப்படி 6 ஆண்டுகள். கணக்குப் பதிவுகளுக்கு நிறுவனச் சட்டம் கேட்பது 5 ஆண்டுகள். ஆகவே திட்டம் முடிந்த நாளிலிருந்து 7 ஆண்டுகள் என்று வைத்தால் சற்று இடைவெளியும் கிடைக்கும். எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்திருப்பதை நான் ஏற்க மாட்டேன். சட்டத் தேவையோ வணிகத் தேவையோ தீர்ந்த பிறகு தனிநபர் தகவல்களை வைத்திருக்கக்கூடாது என்பது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கடப்பாடு. வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் அடையாள அட்டை நகல்கள் மனிதவளப் பெட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடப்பதை எத்தனையோ அலுவலகங்களில் பார்க்கலாம். எனவே பெட்டிவாரியாக வெவ்வேறு காலம் நிர்ணயிக்க முடிகிற, ஹோல்ட் உள்ளவற்றை மட்டும் அழிக்காமல் நிறுத்தி வைக்கிற மென்பொருளைப் பாருங்கள்.

இன்னொன்று: சீரமைப்புத் தொழிலில் பாதிப் பேச்சு வாட்ஸ்அப்பில்தானே நடக்கிறது? அதை எந்த மின்னஞ்சல் காப்பகமும் பிடிக்காது. மேலாளர் போவதற்குள் அந்த உரையாடல்களையும் ஏற்றுமதி செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வியாளர் – உபி அலுவலகம்

மூவருக்கும் நன்றி. வாட்ஸ்அப்பை நாங்கள் யோசிக்கவே இல்லை. உரிமத்தை உயர்த்தி ஹோல்டை இந்த வாரமே இயக்கச் சொல்கிறேன். நீண்டகாலத்திற்கு, அலுவலகத்திலேயே நிறுவும் மெயில்ஸ்டோர் போன்றது நல்லதா, மேகக்கணிச் சேவை நல்லதா?

மறுமொழி – சர்வர் அறை

கணினிக்கென்று தனி ஆள் இல்லாத இடத்தில் மேகக்கணிதான் என்பேன். அலுவலகத்தில் நிறுவினால் அந்தச் சர்வரையும் அதன் பேக்கப்பையும் கவனிக்க ஒருவர் வேண்டும். ஆனால் கையெழுத்திடும் முன் சோதனைக் காலத்திலேயே ஒரு பெட்டியை முழுமையாக ஏற்றுமதி செய்து, கோப்புறைகளும் இணைப்புகளும் அப்படியே வருகின்றனவா என்று திறந்து பாருங்கள். ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும்போது மொத்தக் காப்பகத்தையும் திருப்பித் தர எவ்வளவு வெள்ளி கேட்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.