பென்சில் மேல் சார்கோல் ஒட்டவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரு வருடமாகப் பொழுதுபோக்காக முகங்கள் வரைந்து பழகுகிறேன். இதுவரை எச்பி, 2பி, 6பி பென்சில்கள்தான். இப்போதுதான் சார்கோல், அதாவது வரைவதற்கான கரி, பக்கம் வந்திருக்கிறேன்.

அம்மாவின் முகத்தை வரைகிறேன். கண்ணோரச் சுருக்கங்கள் பென்சிலில் அழகாக வந்துவிட்டன. ஆனால் கூந்தலின் இருட்டான பகுதியில் என் பென்சில்களிலேயே கருமையான 6பியை எவ்வளவு அழுத்தினாலும் கருப்பாகாமல் பளபளக்கிறது. தாளைச் சாய்த்துப் பார்த்தால் வெறும் சாம்பல் நிறம். சரி என்று அதன் மேலேயே சார்கோல் பென்சிலைத் தேய்த்தேன். பென்சில் முனையில் உள்ள கிராஃபைட்டின் வழுவழுப்பில் கரி ஒட்டவே இல்லை, திட்டுத்திட்டாக நின்றுவிட்டது. பிசையும் அழிப்பானால் ஒற்றி எடுத்தும் முழுதாகப் போகவில்லை.

முதலில் கரியால் இருட்டைப் போட்டுவிட்டு, அப்புறம் பென்சிலுக்கு வர வேண்டுமா? இல்லை, முழு முகத்தையும் ஒரே பொருளில் முடிப்பதுதான் நல்லதா? மூக்கு நுனி, உதட்டோரம் போன்ற மென்மையான இடங்களில் பென்சிலைக் கைவிட எனக்கு மனமே இல்லை. இரண்டையும் கலந்து வரைபவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். தாள் சொரசொரப்பாக இருக்க வேண்டுமா என்பதையும் சொன்னால் பெரிய உதவி. அம்மாவின் பிறந்தநாளுக்குள் படத்தை முடித்துவிட ஆசை.