தேவதாஸ் படத்துக்கு இசை யார்?

பழையரேடியோ:
நேற்று ராத்திரி சாப்பிடும்போது எனக்கும் அப்பாவுக்கும் வாக்குவாதம். 1953-ல் வந்த தேவதாஸுக்கு இசை எம்.எஸ்.வி. என்று அடித்துச் சொல்கிறார். யூடியூபில் சி.ஆர்.சுப்பராமன் என்று போட்டிருக்கிறார்கள். யார் இவர்? வேறு என்ன செய்திருக்கிறார்?

மூணுகட்டை:
அப்பாகிட்ட ரொம்ப சண்டை போடாதீங்க தம்பி, அவர் சொல்றது பாதி சரி. படம் சுப்பராமனோடது. வேலை முடியறதுக்குள்ள, 1952-ல போயிட்டார். சாகற வயசே இல்ல. அவர்கிட்ட ஆர்மோனியம் வாசிச்ச விஸ்வநாதனும் வயலின் வாசிச்ச ராமமூர்த்தியும்தான் மிச்சத்தை முடிச்சுக் கொடுத்தாங்க. பானுமதியோட சண்டிராணியும் அப்படித்தான், அதுல எம்.எஸ்.வி. கை இருக்கு.

ரத்னமாலா, லைலா மஜ்னு, நல்லதம்பின்னு தெலுங்கு, தமிழ் ரெண்டுலயும் மளமளன்னு பண்ணினார். ஆனா என்னைக் கேட்டா மணமகள் (1951) ஒண்ணு போதும். நாற்பது வருஷமா ஆர்மோனியத்தை வெச்சுக்கிட்டு மல்லாடறேன். "சின்னஞ்சிறு கிளியே"யில காபி ராகத்துல ஆரம்பிச்சு அடுத்தடுத்த ராகத்துக்குப் போகும்போது விரலுக்கே தெரியாது, அவ்வளவு வழவழன்னு இருக்கும். பாரதியார் அந்தப் பாட்டுக்குத் தன் கையால எழுதி வெச்சது பைரவி ராகம், ரூபக தாளம். இன்னிக்கு அதை யாரு பாடறா? கச்சேரி கடைசியில பாடற சின்ன உருப்படி, அதான் துக்கடா, அதுல இந்தப் பாட்டுன்னா சுப்பராமன் மெட்டுதான். எம்.எல்.வசந்தகுமாரி படத்துல பாடினாங்க, மேடையிலயும் பாடினாங்க, அப்படியே நிலைச்சுடுச்சு. கேக்கறவங்க யாருக்கும் சினிமாப் பாட்டுன்னு தோணவே தோணாது. (என் மாணவி ஒருத்தி அது தியாகராஜர் காலத்து மெட்டுன்னு என்கிட்டயே வாதாடினா!)

தட்டுப்பெட்டி:
"எல்லாம் இன்பமயம்" விட்டுட்டீங்களே ஐயா! அதே மணமகள்தான், வசந்தகுமாரியும் பி.லீலாவும். அதுவும் ராகமாலிகை, அதான் ஒரே பாட்டுல பல ராகம் வர்றது. இன்னொண்ணு: தேவதாஸுக்குப் பாடின கண்டசாலா, ஒரு காலத்துல சுப்பராமனோட உதவியாளர். இசையமைப்பாளர் ஜோடி சங்கர்-கணேஷ்ல வர்ற சங்கர், சுப்பராமனோட தம்பி.

மூணுகட்டை:
ஆமா, விட்டுட்டேன். மணமகளை எடுத்த என்.எஸ்.கிருஷ்ணன்தான் அடுத்து பணம் (1952) படத்துல விஸ்வநாதன்-ராமமூர்த்தியை ஜோடியாப் போட்டார். இந்தில சங்கர்-ஜெய்கிஷன் இருந்தாங்க இல்லையா, அந்த மாதிரி.

பழையரேடியோ:
நன்றி ஐயா. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தேவதாஸ் பேச்சையே விட்டுவிட்டார். "சின்னஞ்சிறு கிளியே சினிமாப் பாட்டா?" என்று மூன்று தடவை கேட்டார். அம்மா தாலாட்டாகப் பாடி நான் வளர்ந்த பாட்டு, எனக்கும் இன்றைக்குத்தான் தெரியும். மணமகள் முழுப்படம் எங்கே கிடைக்கும்?