கினபாலு பூங்கா: உச்சி ஏறாதவர்களுக்கு வழிகாட்டல் தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். வரும் பள்ளி விடுமுறையில் அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பினாங்கிலிருந்து மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள கினபாலு பூங்காவுக்குச் செல்லவிருக்கிறோம். அங்குள்ள கினபாலு மலையின் 4,095 மீட்டர் உயர உச்சியை அடைவது எங்கள் நோக்கமன்று. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அந்தப் பூங்காவை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்க்கக் காரணமான தாவர வளத்தை நிதானமாகப் பார்க்கவே விரும்புகிறோம். (உச்சியை நோக்கி விரைபவர்கள் பலர் அதைக் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம்.)

பூங்காத் தலைமையகத்தைச் சுற்றியுள்ள காட்டுப் பாதைகளுள், முழங்கால் வலியுள்ள அம்மா கைத்தடியுடன் நடக்கக்கூடியது எது? மழைக்குப் பின் அது மிகவும் வழுக்குமா? தாவரத் தோட்டத்தில் ஆர்க்கிட்களைக் காணலாம் என்று அறிவேன். ஆனால், இரண்டு லிட்டருக்கும் மேல் நீர் கொள்ளக்கூடிய குடுவைகளையுடைய, பூச்சியுண்ணும் தாவரமான நெப்பந்திஸ் ராஜாவை அதன் இயற்கையான வாழிடத்திலேயே பார்க்க, 2015 நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்ட மெசிலாவ் பகுதிக்கு இப்போது பொதுமக்களை அனுமதிக்கிறார்களா என்பதை அண்மையில் சென்றவர்கள் தெரிவித்தால் பெரிதும் உதவும்.

போரிங் வெந்நீரூற்றுக்கும் செல்வோம். சில நாள்களே விரிந்திருக்கும் ரஃப்ளீசியா என்னும் மாபெரும் மலர் அப்பக்கம் எங்கே பூத்திருக்கிறது என்பதை முன்கூட்டியே யாரிடம் விசாரிக்கலாம்? அங்குள்ள மரவுச்சித் தொங்குபாலத்தில் சிறு பிள்ளைகளை ஏற்றுவார்களா?