தினசரி லாக் அறிக்கையில் ஒரே செய்தி நூற்றுக்கணக்கில் வருகிறது: சுருக்குவது எப்படி?

கேள்வி

வணக்கம். நான்கு லினக்ஸ் சர்வர்களின் சிஸ்லாக் கோப்புகளை (நிகழ்வுகள் வரிவரியாகப் பதியப்படும் கோப்புகள்) தொகுத்து, தினமும் காலையில் மின்னஞ்சலில் அறிக்கை அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்றைக் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் நிரல்) வைத்திருக்கிறேன். அறிக்கையின் பெரும்பகுதி ஒரே வகைச் செய்தியாக இருப்பதால், கவனிக்க வேண்டிய ஒன்றிரண்டு வரிகள் கண்ணில் படுவதில்லை. சென்ற வாரம் ஒரு டிஸ்க் பிழை மூன்று நாள் தொடர்ந்து வந்தும் நான் தவறவிட்டேன். இந்தக் கோப்புகளை எழுதும் ஆர்சிஸ்லாக் நிரலில், திரும்ப வரும் செய்திகளைக் குறைக்கும் அமைப்பை இயக்கினேன். பெரிய பயன் இல்லை. சார்ட் கட்டளையால் வரிகளை வரிசைப்படுத்தி, ஒரே மாதிரி வரிகளைச் சேர்த்து எண்ணும் யூனிக் கட்டளை மூலம் எண்ணினாலும் ஏறக்குறைய எல்லா வரிக்கும் 1 என்றே வருகிறது. மாதிரிக்கு இரண்டு வரிகள் (எஸ்எஸ்எச் என்னும் தொலை உள்நுழைவுச் சேவையில் தவறான கடவுச்சொல் முயற்சிகள்):

அக் 14 02:11:07 வெப்2 எஸ்எஸ்எச்டி[20417]: ஃபெயில்ட் பாஸ்வேர்டு ஃபார் ரூட் ஃப்ரம் 203.0.113.45 போர்ட் 51822
அக் 14 02:11:10 வெப்2 எஸ்எஸ்எச்டி[20421]: ஃபெயில்ட் பாஸ்வேர்டு ஃபார் ரூட் ஃப்ரம் 203.0.113.45 போர்ட் 51904

மறுமொழி 1

விடை உங்கள் மாதிரியிலேயே இருக்கிறது. நமக்கு இவை ஒரே செய்தி. ஆனால் நேரம், சதுர அடைப்புக்குள் உள்ள பிராசஸ் எண், போர்ட் எண் ஆகிய மூன்றும் மாறுவதால் யூனிக்குக்கு இவை இரு வேறு வரிகள். ஆர்சிஸ்லாக்கும் அடுத்தடுத்து வரும் செய்திகள் எழுத்து மாறாமல் இருந்தால்தான் சேர்க்கும். போர்ட் எண் மாறினாலோ, நடுவில் வேறொரு செய்தி நுழைந்தாலோ கணக்கு அறுந்துவிடும். ஆகவே மாறும் பகுதிகளை முதலில் செட் என்னும் உரைமாற்றுக் கட்டளை கொண்டு ஒரு பொதுக்குறியாக மாற்றிவிட்டு, அதன் பிறகு எண்ணுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. ஆனால் சார்ட் செய்தால் வரிகளின் கால வரிசை கலைந்துவிடும். இரவு 2 மணிக்குத் தொடங்கிய சிக்கலா, நாள் முழுவதும் பரவியிருந்ததா என்பது தெரியாமல் வெறும் எண்ணிக்கையை வைத்து என்ன செய்வது? ஆக் என்னும் உரை அலசும் கருவியில், பொதுக்குறியிட்ட வரியையே சாவியாக வைத்து, எண்ணிக்கை, முதலில் கண்ட நேரம், கடைசியாகக் கண்ட நேரம், மாற்றாத மூல வரி ஒன்று ஆகியவற்றைச் சேமியுங்கள். உங்கள் கோப்பில் இருப்பது பழைய சிஸ்லாக் வடிவம் என்பதால் முதல் 15 எழுத்துகளே நேரம். அதைத் தனியே வெட்டி எடுத்துக்கொள்ளலாம். அச்சிடும்போது எண்ணிக்கை குறைந்தவற்றை மேலே வையுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அபூர்வமாக வரும் வரிதான் பெரும்பாலும் செய்தி.

கேட்டவர்

நன்றி. எல்லா எண்களையும் ஒரே குறியாக மாற்றியதில் அறிக்கை ஒரு திரைக்குள் அடங்கிவிட்டது. ஆனால் என்விஎம்இ0, என்விஎம்இ1 என்ற இரு டிஸ்க்குகளின் பிழைகளும் ஒரே வரியாகிவிட்டன. வெப் சர்வரின் 404 (பக்கம் இல்லை), 500 (சர்வர் பிழை) ஆகிய குறியீடுகளும் அப்படியே. தவறவிட்ட பிழையைப் பிடிக்கப் போய் எந்த டிஸ்க் என்பதையே இழந்துவிட்டேன்.

மறுமொழி 2

எல்லா எண்களையும் அழிப்பது வேண்டாம். எந்த எண்ணுக்குப் பொருள் இல்லையோ அதை மட்டும் அழியுங்கள். சதுர அடைப்புக்குள் உள்ள எண், போர்ட் என்ற சொல்லை அடுத்து வரும் எண், நீளமான ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) அடையாளங்கள் ஆகிய இவ்வளவே பொதுவாகப் போதும். எஸ்எஸ்எச் வரிகளில் ஐபி முகவரியை விட்டுவையுங்கள். எந்த முகவரி எத்தனை முறை முயன்றது என்பதுதான் அங்கே உங்களுக்கு வேண்டியது. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதும் வரிகளில் டிஸ்க்கின் பெயரைத் தொடவே கூடாது, ஆனால் டிஸ்க்கில் எந்த இடம் என்று சொல்லும் செக்டர் எண்ணை மறைக்கலாம். மூல வரி ஒன்று கையில் இருப்பதால் தேவையானபோது அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

மறுமொழி 1

இன்னொன்று: ஆர்சிஸ்லாக்கில் நீங்கள் இயக்கிய அமைப்பை நிறுத்திவிடுங்கள். அது சேர்த்தெழுதும் ‘இத்தனை முறை திரும்ப வந்தது’ என்ற வரியை உங்கள் ஸ்கிரிப்ட் ஒன்று என்றே எண்ணும். 40 முறை வந்தது 2 ஆகிவிடும். லாக் செய்திகளைச் சேகரிக்கும் ஜர்னல்டி என்ற சேவையிலும் வேகக் கட்டுப்பாடு உண்டு. வரம்பு மீறிய செய்திகளை அது எழுதாமலே விட்டுவிட்டு, எத்தனை விடப்பட்டன என்று ஒரு வரி மட்டும் போடும். அந்த வரியை எந்தக் காரணத்துக்காகவும் வடிகட்டாமல், அறிக்கையின் தலைப்பிலேயே காட்டுங்கள்.

கேட்டவர்

ஆர்சிஸ்லாக் அமைப்பை நிறுத்திவிட்டு, நான்கு விதிகளை மட்டும் வைத்து நேற்றைய கோப்பில் மீண்டும் ஓட்டினேன். என்விஎம்இ1 பிழை, எண்ணிக்கை 3 என்று இரண்டாவது வரியிலேயே நிற்கிறது. டிஸ்க்கை மாற்றச் சொல்லிவிட்டேன்.