சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும்: பழைய டீசல் மோட்டார் ஹோம்

வணக்கம். வண்டி கிளம்ப மறுக்கிறது. சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு ‘டக்’. முகப்பு விளக்குகள் மங்கிவிடுகின்றன. எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டாரான ஸ்டார்ட்டரையே மாற்றச் சொன்னார் மெக்கானிக். எனக்கு நம்பிக்கையில்லை, மீட்டரை எடுத்தேன்.

சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட். சாவியைத் திருப்பும் நொடியில் பேட்டரி முனைகளில் 11 வோல்ட், ஸ்டார்ட்டரிலோ வெறும் 8. நடுவில் 3 வோல்ட் எங்கே தொலைகிறது? பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் பச்சைப் பொடி பூத்திருந்தது. பளபளவெனத் தேய்த்தும் பயனில்லை. ஜம்பர் கேபிளால் பேட்டரியின் நெகட்டிவ் முனையை நேராக எஞ்சினோடு இணைத்தால் உடனே கிளம்பிவிடுகிறது!

அப்படியானால் அந்த எர்த் கேபிள் உறைக்குள்ளேயே அரித்திருக்குமா? எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) இடையே இன்னொரு எர்த் இருந்தால் அதை எங்கே தேடுவது? வண்டிக்கு அடியில் படுத்துப் பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.